அபினிக்கு அடிமையான புலவர்

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் எவரும் ஸாமுவேல் டெயிலர் கோலரிட்ஜ் என்னும் புலவரின் பெயரை அறியாதிரார். அவருடைய கவித்திறத்தை வியந்து போற்றும் நாம், அவர் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறைப்படுத்திய கொடிய பழக்கத்தை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

இவர் 1772ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் டெவன் ஜில்லாவிலுள்ள ஆட்டரி செயின்ட் மேரி என்னும் ஊரில், ஒரு குருவானவரின் கடைசி மைந்தராய்ப் பிறந்தார். எட்டு வயதிலே தந்தையை இழந்து, லண்டன் மாநகரிலிருந்த கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்னும் தரும பாடசாலையில் சேர்ந்தார். 1791இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையை அடைந்தார். எனினும் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1798இல் தம் நண்பர் வோர்ட்ஸ்வொர்த்துடன் கூடி வெளியிட்ட பாடற்றொகுதி, ஆங்கிலக் கவிதைக்குப் புதுவழி வகுத்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்தே.

அபினியைச் சாராயத்திற் கரைத்துச் செய்த லாடனம் என்னும் மருந்து அக்காலத்தில் கடைகளிலே தடையின்றிக் கிடைத்தது. அதன் விற்பனையை ஒழுங்குபடுத்திய சட்டம் 1868ஆம் ஆண்டிலேதான் பிறந்தது. இருமலுக்கும் பல்வலிக்கும், குழந்தைகளின் அழுகையை அடக்குதற்குங்கூட அதனைக் கொடுத்தனர். கோலரிட்ஜும் உடல்வலி தீரும் பொருட்டே அதனை அருந்தத் தொடங்கினார். சில ஆண்டுகளில் மருந்தே நோயாயிற்று. நிறுத்தினால் உடல் நடுங்கும்; வயிறு கலங்கும்; உறக்கம் ஒழியும். அத்துன்பத்துக்கு அஞ்சி மீண்டும் அருந்துவார்.

உடல்நலம் நாடி 1804இல் மால்ட்டா தீவுக்குச் சென்றும் பயனில்லை. மனைவி மக்களைப் பிரிந்தார்; அவர்களைச் சகலரான ஸதே என்னும் புலவர் பேணினார். 1810இல் வோர்ட்ஸ்வொர்த்தின் நட்பும் முறிந்தது. தொடங்கிய நூல்கள் பல முடிவுறாது கிடந்தன. அபினியே அவருக்குக் கவிதையை அளித்ததென்பார் சிலர். ஆயின், அவர்தம் சிறந்த பாடல்களிற் பல அப்பழக்கம் அவரை முற்றும் பிணிக்குமுன் தோன்றியவை என்பதை அன்னார் மறந்தனர்.

1814இல் பிரிஸ்டல் நகரத்திலிருந்து தம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தம் குற்றத்தை மறையாது ஒப்புக்கொண்டு, தாம் இறந்தபின் அவ்வரலாற்றைப் பிறர் நன்மைக்காக உலகறியச் செய்யுமாறு வேண்டினார். அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1837இல், அக்கடிதம் அச்சேறிற்று.

தம் உறுதி ஒன்றே தம்மைக் காவாது என்றுணர்ந்த அவர், 1816ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், லண்டனையடுத்த ஹைகேட்டில் வாழ்ந்த கில்மன் என்னும் வைத்தியரின் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தார். சிறிது காலம் தங்க வந்தவர், இறக்குமட்டும் பதினெட்டு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். வைத்தியர் அளவைக் குறைத்துக் கொடுத்துக் காத்தார். புலவரோ சில வேளைகளில் கடைக்காரரிடம் மறைவாய் வாங்கி அருந்தியதுமுண்டு. முற்றும் விடுதலை பெற்றாரல்லர். ஆயினும் 1817இல் தம் இலக்கிய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். மாணாக்கர் பலர் நாடிவரும் ஆசானாய்த் திகழ்ந்தார். 1834ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் உயிர் துறந்தார்.

தோழர்காள்! பேரறிவு படைத்த அவரை அடிமைப்படுத்தியது, வலிக்கென்று அருந்திய சில துளிகளே. பரீட்சைக்காலத்தில் உறக்கம் நீங்கவும், கவலை தணியவும் ஏதேனும் ஒரு மாத்திரையை அல்லது மதுவை நாடும் நண்பன் நம் விடுதியிலும் இருத்தல் கூடும். அவனை இகழ்ந்து ஒதுக்குதல் எளிது. கில்மனைப்போல் கதவைத் திறந்து, தக்க வைத்தியரிடம் அழைத்துச் செல்வதன்றோ நம் கடன்?