இமகாவா யோசிமோட்டோ வீழ்ந்த களம் எது?

யப்பானிய வரலாற்றிலே நகைப்புக்கு இலக்கானோருள் முன்னிற்பவர் இமகாவா யோசிமோட்டோ. பல்லக்கிலே போருக்கு வந்தார், பள்ளத்திலே பாசறை அமைத்து மதுவில் மயங்கினார், சிறுபடையுடன் வந்த ஓடா நொபுனாகாவிடம் தலையிழந்தார் என்பது அந்நாட்டார் வழிவழி கேட்டுவந்த கதை. பாசறை இருந்தது பள்ளத்திலன்று, மேட்டிலே எனத் தெளிந்தால் இக்கதையிற் பாதி கரைந்துவிடும்.

சுருகா நாட்டின் ஆட்சிக் குடும்பத்தில் 1519இற் பிறந்த இவர், மூத்தோர் இருந்தமையால் இளமையிலேயே பௌத்த மடம் புகுந்தார். ஆங்கு ஆசானாக வாய்த்தவர் தைகென் செஸ்சாய் என்னும் துறவி. 1536இல் தமையனார் மறையவே, துவராடை களைந்து, மாற்றாந்தாய் மகனை வென்று ஆட்சியேறினார். 1553இல் தந்தையார் வகுத்த சட்டத்தொகுதிக்குப் புதுவிதிகள் சேர்த்தார்; மறுவருடம் தக்கேடா, ஹோஜோ என்னும் வலிய அயலவர் இருவரையும் மணவுறவால் பிணைத்துக்கொண்டார். இத்தகையவரைப் பேதை எனல் எங்ஙனம்?

1560 யூன் 12ஆம் நாள் ஓவாரி நாட்டின் ஒகேஹசாமாவில் அவர் படை இளைப்பாறியது. ஹசாமா என்ற சொல்லுக்கு ஒடுங்கிய பள்ளம் என்பது பொருள். மயக்கம் இங்கேதான் தொடங்குகிறது போலும்! நொபுனாகாவிடம் பணியாற்றிய ஓட்டா கியூய்ச்சியின் நூலோ, அவர் தங்கியது ஒகேஹசாமா மலையில் என்கிறது. பெருமழை ஓய்ந்ததும் நொபுனாகாவின் ஏறத்தாழ இரண்டாயிரவர் பாய்ந்தனர். தலைவனைச் சூழ்ந்து பின்வாங்கிய முந்நூறு குதிரைவீரர் ஐம்பதின்மராகக் குறைந்தனர். ஈட்டியுடன் வந்த ஹத்தோரி கொஹெய்த்தாவின் முழங்காலை வாளால் வெட்டிய பின்னரே, மோரி சின்சுக்கேயின் கையால் யோசிமோட்டோ மாண்டார். மலையைச் சுற்றிவந்து பள்ளத்திலிருந்தோரைத் தாக்கினர் என்பது பிற்காலத்தார் வளர்த்தது. மெய்ஜி காலத்து இராணுவத்தாரும் அதனை ஏற்றமையால் நிலைபெற்றது.

களத்துக்கு உரிமை கோரும் இடங்கள் இரண்டு. தொயோஅக்கே நகரில் 1771இல் ஏழு நினைவுக்கற்கள் நாட்டப்பட்டன. 1937இல் அரசு அவ்விடத்தை வரலாற்றுச் சின்னமாக்கியபோதும், மரபுக்கதை கூறும் களம் என்றே எச்சரிக்கையுடன் பெயரிட்டது. அயலிலே, நகோயாவின் மிதோரிப் பகுதிப் பூங்காவில் 2010இல் இரு தலைவர்க்கும் சிலைகள் எழுந்தன. இவற்றுக்கு அண்மையிலுள்ள மேட்டையே ஆய்வாளர் பலர் அம்மலையாகக் கொள்வர்; அதன்மீது இப்போது வீடுகள் நிறைந்துள்ளன. பின்வாங்கியவர் எச்சரிவில் இறங்கி வீழ்ந்தார் என்பதிலேதான் வழக்கு முடியவில்லை.

அருகிலிருந்த நருமிக் கோட்டையை ஒகாபே மொட்டோநோபு விடாது காத்துநின்றார். தம் தலைவரின் தலையைத் திருப்பித் தரப்பெற்றே அவர் கோட்டையை ஒப்படைத்தார்.