கணக்குப்பொறி கண்ட பாஸ்கல்

ஒரே தொழிலை ஒருவன் நாள்தோறும் ஒரே வகையாய்ச் செய்து வருவானாயின் அவன் கை பழகுமேயன்றி அறிவு வளராது. அயர்ச்சியும், அயர்ச்சியினாற் பிழையும் விளையும். இக்குறையை நீக்கும் பொருட்டு, இந்நாளில் செயற்கை நுண்ணறிவு வாய்ந்த நீட்சிகள் கணினி உலாவியில் அமைந்து, படிவங்களை நிரப்புதல், விவரங்களைப் பெயர்த்தெழுதுதல் முதலிய பணிகளைத் தாமே ஆற்றுகின்றன. இத்தகைய முயற்சிக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகட்கு முன்னரே வழிகாட்டிய பெரியாருள் ஒருவர் பிளேஸ் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர். அன்னார் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பாஸ்கல் 1623-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் பிரான்சு தேசத்துக் கிளெர்மோன் நகரிற் பிறந்தார். மூன்று வயதிலேயே தாயை இழந்தார். கணிதத்தில் வல்லவரான தந்தையார் எத்தியேன் பாஸ்கல், 1631-இல் பாரிஸ் நகருக்குக் குடிபெயர்ந்து, மகனைப் பள்ளிக்கு அனுப்பாது தாமே கற்பித்து வந்தார்.

1640-இல் தந்தையார் ரூவான் நகரில் வரி அலுவலை மேற்கொண்டார். அம்மாகாணத்து மக்கள் வரிச்சுமை பொறாது 1639-இல் கலகம் விளைத்திருந்தனராதலின், அப்பணி எளிதாயிருந்ததன்று. அந்நாட்டு நாணயமோ கணக்கைப் பின்னும் கடினமாக்கிற்று. பன்னிரண்டு தெனியே ஒரு சூ. இருபது சூ ஒரு லீவர். முடிவின்றி நீளும் இக்கூட்டல்களில் தந்தைக்குத் துணைநின்ற பாஸ்கல், இவ்வுழைப்பை ஒரு பொறியிடம் ஒப்புவித்தல் ஆகாதோ என எண்ணி, 1642-இல் அம்முயற்சியைத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது ஏறக்குறையப் பத்தொன்பது. நம் மாணவருட் பலர்க்குள்ள வயதே அது.

அப்பொறியின் அமைப்பு வருமாறு. எண்ணின் ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு சக்கரம் உண்டு. சிறு கோலால் அதனைச் சுழற்ற, விடை மேலுள்ள சாளரத்திற் தோன்றும். ஒரு சக்கரம் ஒன்பதைக் கடந்து சுழியத்தை அடையுங்கால், எடை பொருந்திய நெம்புகோல் ஒன்று விழுந்து அடுத்த சக்கரத்தை ஒரு படி தள்ளும். சக்கரங்கள் ஒரு திசையிலேயே சுழலுமாதலின், கழித்தலையும் கூட்டலாக மாற்றியே செய்தல் வேண்டும்.

இதனை முடித்தற்கு அவர் பட்ட பாடு சிறிதன்று. ஐம்பதுக்கு மேற்பட்ட மாதிரிகளை இயற்றினார். கடிகாரத் தொழிலாளி ஒருவன் புறத்தோற்றத்தை மட்டும் பின்பற்றிப் பயனற்ற போலி ஒன்றைச் செய்யக் கண்டு, மனமுடைந்து வேலையை நிறுத்தினார். நண்பர் தூண்டுதலால் மீண்டும் முயன்று, 1645-இல் பொறியை அரசின் தலைமை அமைச்சருள் ஒருவரான செகியே என்பாருக்குப் படைத்தார். 1649-இல் அரசுரிமைச் சாசனமும் பெற்றார். ஆயினும் விலை மிகுதியால் வாங்கினோர் சிலரே. எஞ்சிய பொறிகளுட் சிலவற்றைப் பாரிஸ் காட்சிசாலையில் இன்றும் காணலாம்.

பின்னர் அவர் காற்றழுத்த ஆராய்ச்சியிலும், 1654-இல் ஃபெர்மாவுடன் கடிதவழி ஆய்ந்த நிகழ்தகவுக் கணிதத்திலும் புகழ் பெற்றார். 1662-இல் பாரிஸ் நகரில் ஐந்து சூ கட்டணத்திற் பலரும் ஏறிச்செல்லும் வண்டிகளை ஏற்படுத்தினார். அவ்வாண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள், முப்பத்தொன்பதாம் வயதில் உயிர்நீத்தார்.

தாம் கண்ட பொறியைப்பற்றி அவர் மயங்கினாரல்லர். அது எண்ணத்தை நெருங்கும் செயலைச் செய்யினும், அதற்கு விருப்பமென்பது இல்லை எனத் தம் குறிப்பொன்றிற் கருத்தறிவித்தார். இது நாம் உளங்கொள்ளத்தக்கது. பொறி வரித்தொகையை விரைவிற் கூட்டிக் காட்டும். அவ்வரியை ஏழைக் குடியானவன் தாங்குவானோ என வினவாது. தவறிய எண்ணை இட்டாலும் அதனையே செவ்வனே கூட்டும். இன்றைய நீட்சிகள் சொல்லறிந்து பணியாற்றும் ஆற்றலுடையனவாயினும், அவை நம் பெயரால் நிரப்பி அனுப்பும் படிவத்திற்கு விடையிறுக்க வேண்டியவர் நாமே. ஆதலின் சலிப்பூட்டும் உழைப்பைக் கருவிக்கு விடுக. படித்துப்பார்த்தலையும், தகுவது இதுவெனத் தேர்தலையும் நம்மிடமே வைத்துக்கொள்வோமாக.