மூன்று முறை 'பெயில்' ஆன மாபெரும் சிற்பி!

மோவாயைக் கையில் தாங்கி, ஆழ்ந்த யோசனையில் உட்கார்ந்திருக்கும் மனிதனின் சிலையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதற்கு 'சிந்தனையாளர்' என்று பெயர். அதைச் செய்தவர் பிரான்சு நாட்டுச் சிற்பி ரோடின்.

உலகம் போற்றும் அந்தச் சிற்பிக்குச் சிற்பக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்றால் நம்புவீர்களா?

குமாஸ்தா மகன்

ரோடின் 1840-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை போலீஸ் இலாகாவில் குமாஸ்தா. ரோடினுக்குத் தூரப் பார்வை சரியாகத் தெரியாது. படிப்பு ஏறவில்லை. ஆனால் படம் வரைவதில் கெட்டிக்காரர்.

14-வது வயதில் ஒரு சித்திரப் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த ஆசிரியர், ஒரு பொருளை நன்றாகப் பார்க்கச் சொல்வார். பிறகு அதைப் பார்க்காமல், நினைவிலிருந்தே வரையச் சொல்வார். அந்தப் பயிற்சி ரோடினுக்குக் கடைசிவரை கை கொடுத்தது.

அடுத்து, பெரிய அரசாங்கக் கலைக் கல்லூரியில் சேர முயன்றார். சித்திரத்தில் தேறினார். சிற்பத்தில் தோற்றார்! மூன்று முறை முயன்றார்; மூன்று முறையும் கதவு சாத்தப்பட்டது.

1862-ல் அவருடைய அக்காள் இறந்தாள். மனம் உடைந்த ரோடின், துறவிகள் மடத்தில் சேர்ந்துவிட்டார். அங்கிருந்த பாதிரியார் அவருடைய கைத்திறமையைக் கண்டுகொண்டார். சிற்ப வேலைக்கே திரும்பிப் போகும்படி அனுப்பிவைத்தார்.

குளிரில் உடைந்த தலை

வயிற்றுப்பாட்டுக்குக் கட்டிடங்களில் பூவேலை, கொடிவேலை செய்தார். மிஞ்சிய நேரத்தில் சொந்தச் சிலைகளைச் செய்தார். பழைய குதிரை லாயம்தான் அவரது சிற்பக்கூடம்!

உட்காரவைத்துச் சிலை செய்ய ஆள் வேண்டுமே! அழகானவர்களுக்குக் கூலி கொடுக்கப் பணம் இல்லை. அக்கம் பக்கத்தில் சில்லறை வேலை செய்துவந்த ஒரு கிழவரை உட்காரவைத்தார். அவருக்கு மூக்கு உடைந்திருக்கும். அதை மறைக்காமல் அப்படியே களிமண்ணில் செய்தார்.

குளிர்காலம் வந்தது. களிமண் உறைந்து, தலையின் பின்பாகம் பெயர்ந்து விழுந்தது. முகம் மட்டும் மிஞ்சியது. அதையே கண்காட்சிக்கு அனுப்பினார். வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். சுமார் 10 ஆண்டுகள் கழித்து, 1875-ல், அதே முகத்தைச் சலவைக்கல்லில் செய்து அனுப்பினார். அப்போது ஏற்றுக்கொண்டார்கள்!

வீண் பழி

பிறகு, ஒரு பெல்ஜியப் போர்வீரனை நிற்கவைத்து, 18 மாதம் உழைத்து, ஆளுயரச் சிலை ஒன்று செய்தார். 1877-ல் அது பாரிசில் வைக்கப்பட்டது. உயிருள்ள ஆளைப்போலவே இருந்தது. அதுவே வினையாக முடிந்தது!

மனித உடம்பின் மேல் சாந்து பூசி அச்சு எடுத்துவிட்டார் என்று பழி சுமத்தினார்கள். ஒரு சிற்பிக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

ரோடின் கலங்கினாலும் ஓய்ந்துவிடவில்லை. அடுத்த சிலையை மனித உருவத்தைவிடப் பெரிதாகவே செய்தார். அந்த அளவில் மனிதனே இல்லை. அச்சு எங்கிருந்து எடுப்பது? அவர் வேலை செய்வதை நேரில் கண்ட சிற்பிகளும் அவர் பக்கம் பேசினார்கள். பழி நீங்கியது. 1880-ல் அரசாங்கமே அந்தப் போர்வீரன் சிலையை வாங்கியது.

நரகத்தின் வாசல்

அதே ஆண்டு ஒரு பொருட்காட்சிச் சாலைக்குக் கதவு செய்யும் வேலை வந்தது. கட்டிடம் எழும்பவே இல்லை! ஆனாலும் ரோடின் அந்த வேலையை விடவில்லை. 180-க்கு மேற்பட்ட உருவங்களைச் செய்தார். 'நரகத்தின் வாசல்' என்ற அந்தக் கதவின் மேல்பகுதிக்காகச் செய்த சிறு உருவம்தான் 'சிந்தனையாளர்'. பின்னால் அதைப் பெரிதாக்கினார்.

தனிக் கைகளும் கால்களும் அவர் கூடத்தில் ஏராளமாகக் கிடக்கும். எதையும் வீசமாட்டார். வேண்டும்போது எடுத்துப் பொருத்திப் பார்ப்பார்.

புகழ் வந்த பிறகும் ஏமாற்றம் விடவில்லை. எழுத்தாளர் பால்சாக் சிலையை, செய்யச் சொன்ன சங்கமே 1898-ல் ஏற்க மறுத்தது. ரோடின் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் இறந்து 22 ஆண்டுகள் கழித்து, 1939-ல், அது வெண்கலத்தில் பாரிஸ் வீதியில் நின்றது!

கடைசிக் கொடை

1916-ல் தன் படைப்புகளை நாட்டுக்கே எழுதிவைத்தார். 1917 நவம்பர் 17-ந் தேதி காலமானார். அவர் சமாதியின் மேல் 'சிந்தனையாளர்' உட்கார்ந்திருக்கிறார். 1919-ல் அவர் பெயரில் பொருட்காட்சிச் சாலை திறக்கப்பட்டது.

கலைப் பள்ளியில் இடம் கேட்டு, செய்த உருவங்களைச் சேர்த்து எடுத்துப்போகும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எதைச் செய்வது என்று திகைப்பவர்கள் தூரத்தில் தேட வேண்டாம். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் முகம் போதும். வேலை செய்யும் அம்மாவின் கை போதும். நன்றாகப் பார்க்க வேண்டும். திருப்பி அனுப்பினால், மறுபடியும் செய்ய வேண்டும்!