அந்துவான் வாத்தோ: சைகைகளின் ஓவியர்

பிரான்சின் வடபுலத்து வலான்சியேன் நகரில், கூரை வேய்வோர் ஒருவரின் மகனாக 1684-இல் பிறந்தார் அந்துவான் வாத்தோ. இளைஞராகப் பாரிசு வந்து, கூலிக்குப் படங்களைப் படியெடுத்து வயிறு வளர்த்தார். நாடகக் காட்சிகளை வரைந்த கிளாட் ஜில்லோவிடம் சேர்ந்த பிறகே அவர் வழி தெளிந்தது. வசனமின்றி, ஒரு தோளின் சாய்வால் மனத்தைக் காட்டலாம் என்பதை மேடை அவருக்குக் கற்பித்தது.

1712-இல் அரச ஓவியக் கழகம் அவரை ஏற்றது. உறுப்பினராவதற்கு அளிக்கவேண்டிய ஓவியத்தைப் பலமுறை நினைவூட்டப்பட்ட பின்னர் 1717-இல்தான் கொடுத்தார். அதுவே இன்று லூவரில் உள்ள சித்தேரா யாத்திரை. சித்தேரா வீனசின் தீவு. ரோசாமாலை சுற்றிய அவள் சிலையருகே ஒருத்தி விசிறியோடு தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கிறாள். யாத்திரிகக் கோலத்துக் காதலன் காதருகே ஏதோ சொல்கிறான். குட்டி மன்மதன் அவள் பாவாடையை இழுக்கிறான். அடுத்தவன் தன் துணையை இரு கைகளாலும் பிடித்து எழுப்புகிறான். மூன்றாமவன் இடையை அணைத்து நடத்துகிறான்; அவளோ திரும்பிப் பார்க்கிறாள்.

மூன்று இணைகளும் ஒரே காதலின் அடுத்தடுத்த கணங்கள் என்றார் சிற்பி ரோதான். தயக்கம், இசைவு, புறப்பாடு என்பது அவர் கண்ட வரிசை. 1961-இல் மைக்கேல் லெவி அதை மறுத்தார். இவர்கள் தீவுக்குப் போகவில்லை, தீவைவிட்டு நீங்குகிறார்கள் என்றார். சிலை அவர்களருகிலேயே இருக்கிறது, மாலையும் முன்னரே சாத்தப்பட்டுவிட்டது. ஆதலால் நான் லெவியின் பக்கம். அப்படியானால் நீட்டிய கைகள் அழைப்பதில்லை, பிரியச் சொல்கின்றன. கவிதை எழுதுவோர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

நோயாளியின் துயரமே படத்தில் படிந்தது என்பர். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிவப்பு, கறுப்பு, வெள்ளைச் சுண்ணக்கோல்களால் கழுத்தின் திருப்பத்தையும் விரல்களின் மடிப்பையும் ஏடு ஏடாக வரைந்து தொகுத்து, வேண்டும்போது எடுத்துப் பொருத்தியவர் அவர். அது உழைப்பு.

மணம் செய்துகொள்ளாத அவர், 1719-இல் இலண்டன் சென்று அடுத்த ஆண்டு மேலும் நலிந்து திரும்பினார். நண்பர் ஜெர்சேனின் ஓவியக்கடைக்கு ஒரு பெயர்ப்பலகை வரைந்தார். அதில் இளைஞன் ஒருவன் கைநீட்டி உள்ளே அழைக்கிறான். இளஞ்சிவப்புப் பட்டணிந்த பெண்ணோ, பெட்டியில் இறக்கப்படும் பதினான்காம் லூயியின் படத்தைப் பார்த்தபடி படியேறுகிறாள்.

1721 ஜூலை 18-இல் பாரிசையடுத்த நொஜானில் மறைந்தார், வயது 36. நண்பர் ஜூலியேன் அவருடைய ஏட்டுப் படங்களைச் செதுக்கச்செய்து அச்சிட்டார். அவற்றைப் படியெடுத்துப் பழகியவர்களுள் ஒருவர் இளம் பூசே.