காமா பயில்வான்: கதையும் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

சென்ற ஆண்டு நம் கல்லூரி விளையாட்டு விழாவுக்கு மறுநாள் எங்கள் வகுப்பில் ஒரு சொற்போர் மூண்டது. குத்துச்சண்டை பயிலும் நண்பர் ஒருவர், 1980-ல் சென்னைக்கே வந்து காட்சிப் போட்டியில் இறங்கிய முகமது அலிதான் உலகம் கண்ட வீரர்களுள் தலைசிறந்தவர் என்றார். இன்னொருவர், பழைய வீரர்களின் புகழெல்லாம் ஊதிப் பெரிதாக்கியது, இன்றைய வீரர்முன் அவர்கள் ஐந்து நிமிடம் நிற்கமாட்டார்கள் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த பெயர் வாயில் வந்துவிட்டது. காமா பயில்வான்! ஐம்பதாண்டுக் காலம் தோல்வியே அறியாதவர், 1,200 கிலோ கல்லைத் தூக்கியவர், நாள்தோறும் ஐயாயிரம் பஸ்கி எடுத்தவர் என்று அடுக்கினேன். வகுப்பே சிரித்தது. இயற்பியல் படிக்கிறவன் பேசுகிற பேச்சா இது என்று கேட்டார்கள்.

எனக்கு அவமானமாக இருந்தது. ஏனென்றால் அந்தக் கதைகளை எனக்குச் சொன்னவர் என் தாத்தா. மயிலாப்பூரில் மாதவப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. தாத்தா நாற்பது ஆண்டுகள் அரிசி மண்டிகளில் மூட்டை தூக்கியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வீட்டில் கற்ற கதை கல்லூரியில் நகைப்புக்கு இடமானால் எதை நம்புவது? அன்று மாலையே நூலகத்துக்குச் சென்று காமாவைப் பற்றித் தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில் கிடைத்ததே இக்கட்டுரை.

பிள்ளைப் பருவம்

காமாவின் இயற்பெயர் குலாம் முகமது. பஞ்சாபில் அமிர்தசரஸ் வட்டாரத்தில் 1878-ஆம் ஆண்டு பிறந்தார். பரம்பரையாகக் குஸ்தி பயின்ற குடும்பம். தந்தையும் மல்லர். காமாவுக்கு ஆறு வயது இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். பிறகு தாய்வழிப் பாட்டனாரும் மாமனும் சிறுவனை வளர்த்துப் பயிற்சி தந்தனர். தம்பி இமாம் பக்ஷும் பின்னாளில் பெயர்பெற்ற மல்லரானார்.

1888-ல் ஜோத்பூர் மன்னர் ஒரு போட்டி வைத்தார். யார் அதிக நேரம் பஸ்கி எடுக்கிறார் என்று பார்ப்பது. நானூறுக்கும் மேற்பட்ட மல்லர்கள் கலந்துகொண்டனர். பத்து வயதுச் சிறுவன் கடைசிப் பதினைந்து பேருள் ஒருவனாக நின்றான். அவன் வயதைக் கருதி மன்னர் அவனையே வெற்றி பெற்றவனாக அறிவித்தார். அதன்பின் ததியா சமஸ்தானம் அவனை ஆதரித்தது. அந்நாளில் சமஸ்தானங்கள் பயில்வான்களுக்குப் பாலும் பாதாமும் நெய்யும் கொடுத்து வளர்த்தன. அந்த ஆதரவு இல்லாவிட்டால் காமாவும் ஒரு கூலியாளாகத்தான் வாழ்ந்திருப்பார்.

பதினேழாம் வயதில், இந்தியாவின் முதல் மல்லராக விளங்கிய ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவைக் கோதாவில் சந்தித்தார். ரஹீம் ஏறக்குறைய ஏழு அடி உயரம் என்பர். காமாவோ ஐந்தடி எட்டு அங்குலம். நெடுநேரம் நடந்த போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அன்றே காமாவின் பெயர் நாடெங்கும் பரவிற்று.

கல்லும் பஸ்கியும்

இனி நண்பர்கள் சிரித்த இடத்துக்கு வருவோம். பரோடா அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய கல் இருக்கிறது. அதன் எடை 1,200 கிலோ என்றும், 1902-ல் காமா அதைத் தூக்கினார் என்றும் சொல்கிறார்கள். பளுதூக்கும் போட்டியில் தலைக்கு மேல் தூக்கப்பட்ட மிகப் பெரிய எடை, ஜார்ஜியா நாட்டு வீரர் தலாகாட்ஸே 2021-ல் தூக்கிய 267 கிலோ. கம்பியைப் பிடித்துத் தரையிலிருந்து இடுப்பளவு மட்டும் தூக்குவதிலும் மனிதன் 500 கிலோவைச் சற்றே தாண்டியிருக்கிறான். அப்படியிருக்க, பிடிமானமே இல்லாத 1,200 கிலோ கல்லை ஒருவர் தூக்கினார் என்பதை ஏற்க இயலாது. புரட்டியிருக்கலாம், ஒரு பக்கத்தை நெம்பியிருக்கலாம். தூக்கியிருக்க முடியாது.

ஆனால் பஸ்கிக் கதை அப்படியன்று. காமாவின் எடையை 90 கிலோ என்று கொள்வோம். ஒரு பஸ்கிக்கு உடல் அரை மீட்டர் உயர்கிறது என்றால் செய்யும் வேலை 441 ஜூல். ஐயாயிரம் பஸ்கிக்கு ஏறத்தாழ 22 இலட்சம் ஜூல். தசைகள் உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. ஆகவே செலவாகும் ஆற்றல் சுமார் 2,100 கிலோ கலோரி. மூன்றேகால் லிட்டர் பசும்பாலில் இந்த ஆற்றல் கிடைத்துவிடும். ஒரு பஸ்கிக்கு இரண்டு வினாடி என்றால் மொத்தம் இரண்டே முக்கால் மணி நேரம். பிள்ளைப் பருவம் முதல் வேறு தொழிலே இல்லாமல் பழகிய ஒருவருக்கு இது நடக்கக்கூடியதே. ஆக, ஒரே மனிதரைப் பற்றிய இரு கதைகளில் ஒன்று பொய், மற்றொன்று பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதித் தாத்தாவிடம் காட்டினேன். கல்லைப் பற்றிச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் கோபிக்கவில்லை. நூறு கிலோ மூட்டையை முதுகில் சுமந்தவருக்கு ஆயிரத்து இருநூறு கிலோ என்றால் என்ன என்று தெரியாதா என்று அமைதியாகக் கேட்டார். தன் அப்பா சொன்னதைத் தான் சொன்னதாகவும், கல்லை விட்டுவிட்டு அந்த வெள்ளைக்காரனோடு நடந்த குஸ்தியைப் படிக்கும்படியும் சொன்னார்.

லண்டன், 1910

படித்தேன். 1910-ல் காமாவும் இமாம் பக்ஷும் லண்டன் சென்றனர். அது உலகம் முழுவதும் நிறவெறி தலைவிரித்தாடிய காலம். அதே ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அமெரிக்காவில் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சன், வெள்ளையரான ஜெஃப்ரீஸை வீழ்த்தினார். அதன் விளைவாகப் பல ஊர்களில் கலவரமே வெடித்தது. இந்தியரோ அடிமை நாட்டினர். உயரம் குறைவு என்று காமாவை முதலில் போட்டியில் சேர்க்கவில்லை. தம்மோடு மோத வருவோர்க்கெல்லாம் அவர் பகிரங்கமாகச் சவால் விட்டார். அமெரிக்க மல்லரும் மருத்துவருமான பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். காமா அவரை முதல்முறை இரண்டு நிமிடத்துக்குள்ளும், மறுமுறை பத்து நிமிடத்துக்குள்ளும் மல்லாத்தினார்.

செப்டம்பர் 10-ஆம் நாள் போலந்து நாட்டின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவுடன் ஜான் புல் பட்டத்துக்கான போட்டி. ஸ்பிஸ்கோ காமாவைவிட இருபது கிலோவுக்கு மேல் எடை கூடியவர். தொடக்கத்திலேயே காமா அவரைக் கீழே தள்ளிவிட்டார். அதன்பின் ஸ்பிஸ்கோ எழவே முயலவில்லை. கையையும் காலையும் ஊன்றித் தரையோடு ஒட்டிக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இப்படியே போயிற்று. போட்டி முடிவின்றி நிறுத்தப்பட்டது. ஒரு வாரம் கழித்து, 17-ஆம் நாள், மறுபோட்டி. ஸ்பிஸ்கோ வரவில்லை. பட்டமும் பட்டையும் காமாவுக்கு வழங்கப்பட்டன.

எதிர்வாதம்

இதுவரை படித்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் மேலும் தேடியபோது ஒரு செய்தி என்னை உட்கார வைத்துவிட்டது. இந்தப் போட்டிக்கு மூன்று மாதங்களுக்கு முன், ஜூன் 1-ஆம் நாள், சிகாகோவில் அமெரிக்க வீரர் ஃபிராங்க் காட்ச் இதே ஸ்பிஸ்கோவை இருமுறை மல்லாத்தியிருக்கிறார். முதல்முறை சில வினாடிகளில். இரண்டாம் முறை அரை மணிக்குள். காட்ச் அரை மணியில் முடித்த வேலையைக் காமாவால் இரண்டரை மணியில் முடிக்க இயலவில்லை என்றால், காமாவின் திறமை என்ன? மேலும், காட்சையோ ரஷ்யப் பேரரசின் புகழ்பெற்ற மல்லர் ஹாக்கன்ஷ்மிட்டையோ காமா ஒருநாளும் கோதாவில் சந்திக்கவில்லை.

இதையும் தாத்தாவிடம் சொன்னேன். நிற்கிற மூட்டையைச் சாய்க்கச் சிறுவன் போதும், தரையில் படுத்துவிட்ட மூட்டையைப் புரட்டத்தான் இரண்டு ஆள் வேண்டும் என்றார் அவர். நான் வகுப்பில் எழுதிய குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். ஈர்ப்பு மையம் தாழ்ந்து, அடிப்பரப்பு அகன்றால் பொருளின் நிலைத்தன்மை கூடும். அதைப் புரட்ட ஈர்ப்பு மையத்தை அடிப்பரப்பின் விளிம்புக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பெரிய திருப்புவிசை தேவை. அவர் சொன்னதும் பாடத்தில் உள்ளதும் ஒன்றே. தேர்வில் இதற்கு ஐந்து மதிப்பெண் வாங்கியவன் நான். தாத்தா நாற்பது ஆண்டுகள் முதுகால் அறிந்திருக்கிறார்.

சிகாகோவில் ஸ்பிஸ்கோ கைகுலுக்க வந்த நேரத்திலேயே காட்ச் பாய்ந்தார் என்ற புகாரும் உண்டு. அந்த முதல் வீழ்ச்சியை விட்டுவிட்டாலும் இரண்டாம் வீழ்ச்சி காட்சின் திறமைக்குச் சான்றுதான். ஆனால் அங்கே ஸ்பிஸ்கோ வெல்ல நினைத்து மோதினார். லண்டனில் தோற்காமல் இருந்தால் போதும் என்று படுத்தார். வெல்ல வந்தவனை வீழ்த்துவது வேறு. மறுத்துப் படுத்தவனைப் புரட்டுவது வேறு. ஆகவே இரண்டு நேரங்களை மட்டும் அருகருகே வைத்து ஒப்பிடுவது சரியான சோதனை ஆகாது. அதற்காகக் காட்சைவிடக் காமா மேல் என்றும் நான் சொல்லத் துணியமாட்டேன்.

பாட்டியாலா, 1928

தாயகம் திரும்பிய காமா, அலகாபாத்தில் ரஹீமை வென்று இந்தியாவின் முதல் மல்லரானார். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1928 ஜனவரியில், பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் ஏற்பாட்டில் ஸ்பிஸ்கோ மீண்டும் வந்தார். பல்லாயிரம் பேர் திரண்டிருந்தனர். ஒரு நிமிடத்துக்குள் காமா அவரை மல்லாத்திவிட்டார்.

கிழவரை வென்றது என்ன பெருமை என்று என் நண்பர் கேட்டார். ஆனால் இருவர்க்கும் அப்போது ஏறக்குறைய ஐம்பது வயது. ஸ்பிஸ்கோவும் காலங்கடந்து கிடந்தவர் அல்லர். 1921-ல் அமெரிக்காவில் உலகப் பட்டம் வென்றவர். 1925-ல் அங்கே மல்யுத்தம் முன்கூட்டி முடிவு செய்த நாடகமாக மாறிக்கொண்டிருந்தது. தோற்பதாகப் பேசிவைத்த போட்டியில் ஸ்பிஸ்கோ பேச்சை மீறி உண்மையாகவே மோதி மீண்டும் பட்டத்தைப் பறித்தார். மெய்யான குஸ்தி அறிந்தவர் என்று அவர் நாட்டவரே ஒப்புக்கொண்ட ஒருவரை, இம்முறை படுக்க நேரம் கொடுக்காமல் வீழ்த்தினார் காமா. பழைய மண் கோதா காமாவுக்குப் பழக்கமானது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். ஆயினும் எனக்குக் காமாவின் திறமைக்குச் சான்று கல் அன்று; பதினேழு ஆண்டுகள் நினைவில் வைத்துத் தீர்த்த அந்த ஒரு கணக்குதான்.

கடைசி நாட்கள்

1947-ல் நாடு பிளவுபட்டபோது காமா லாகூரில் இருந்தார். தம் தெருவில் வாழ்ந்த இந்துக் குடும்பங்களைத் தாக்க வந்த கும்பலை அவர் முன்னின்று தடுத்தார் என்றும், அக்குடும்பங்கள் எல்லை கடக்கத் துணை நின்றார் என்றும் இன்றும் நன்றியோடு சொல்கின்றனர். சமஸ்தானங்கள் மறைந்தன, ஆதரவும் மறைந்தது. நோயும் வறுமையும் வாட்ட, 1960 மே 23-ஆம் நாள் லாகூரில் காலமானார்.

நண்பர்களே, காமா உண்மையில் எவ்வளவு திறமைசாலி? உலகில் என்றுமே நிகரற்றவர் என்று சொல்லச் சான்று இல்லை. தம் காலத்தின் தலைசிறந்த இருவர் மூவருள் ஒருவர் என்று சொல்லச் சான்று உண்டு. அதற்கு மேல் கூட்டுவது அவரைப் பெருமைப்படுத்தாது. நம்பமுடியாத கல்லை அவர் தலைமேல் ஏற்றியதால்தான் நம் வகுப்பு அவருடைய மெய்யான வெற்றிகளையும் சேர்த்துச் சிரித்தது.

இன்னொன்றையும் கற்றேன். வீட்டில் கேட்டதை அப்படியே நம்புவதும் தவறு. கல்லூரியில் கற்றதைக் கொண்டு வீட்டை எள்ளுவதும் தவறு. கேட்டதைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். கணக்கையும் அனுபவமுள்ளவரிடம் காட்டவேண்டும். இக்கட்டுரையை எழுதி முடித்ததும் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கல்லைப் பற்றிய பகுதியை நீக்கிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பொய்யைப் பொய் என்று எழுதினால்தான் மற்றதை நம்புவார்கள் என்றார். அவர் சொற்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.