அமெரிக்க மேடைகளில் வேலூரின் கதை: ஐடா ஸ்கடர் பேசியே கட்டிய மருத்துவமனை

வேலூர் சி.எம்.சி.யைத் தெரியாதவங்க தமிழ்நாட்டுல ரொம்பக் குறைவு. அதைத் தொடங்கியவர் டாக்டர் ஐடா ஸ்கடர் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனா அந்த ஆஸ்பத்திரி எழுந்ததில் அவரது மருத்துவத்துக்கு இணையான பங்கு அவரது பேச்சுக்கும் உண்டு. ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே அவரைச் சிக்கலிலும் மாட்டிவிட்டது.

யார் இந்த ஐடா?

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா இருவருமே அமெரிக்க மிஷனரி டாக்டர்கள். ஐடாவுக்கு அந்த வாழ்க்கை பிடிக்கலை. அமெரிக்காவில் படித்து, அங்கேயே செட்டிலாக நினைத்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் 1890-ல் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஒருநாள் ராத்திரி, அடுத்தடுத்து மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிகளும் பிரசவ வலியில் இருந்தார்கள். ஐடா அப்போ டாக்டர் இல்லை. ஆண் டாக்டரான அவரது அப்பா வருவதை அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா மருத்துவம் படிக்க முடிவெடுத்தார்.

கதை எப்படி ஆஸ்பத்திரி ஆச்சு?

1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். கப்பல் ஏறும் முன், வேலூரில் பெண்களுக்கான ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டும் பொறுப்பு வந்தது. அந்த ராத்திரியைப் பற்றித்தான் பேசினார். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர், இறந்த தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-ல் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. 1909-ல் நர்சிங் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

1920-களின் தொடக்கத்தில், ஆசியாவின் பெண்கள் கல்லூரிகளுக்காக லூசி பீபடி என்பவர் அமெரிக்காவில் பெரிய நிதித் திரட்டல் நடத்தினார். அதன் மேடைகளிலும் ஐடா பேசினார். சர்ச் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் வேலூருக்கு வந்தது.

சிக்கல் எங்கே வந்தது?

டிப்ளமோ அளவிலான மருத்துவப் படிப்பு இனி செல்லாது, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயரணும் என்று 1930-களின் கடைசியில் மெட்ராஸ் அரசு முடிவெடுத்தது. அதற்குப் பெரிய ஆஸ்பத்திரி, கூடுதல் பேராசிரியர்கள், நிறைய பணம் வேணும். 1941-ல், 70 வயதில், உலகப்போருக்கு நடுவே ஐடா மறுபடியும் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பேசினார்.

பல சபைகள் சேர்ந்தால் பணம் கிடைக்கும் என்ற நிலை. ஆனா அதற்கு ஆண் மாணவர்களையும் சேர்க்கணும். பீபடி கடுமையாக எதிர்த்தார். பெண் டாக்டர் இல்லாமல் இறந்த மூன்று பெண்களின் கதையைக் கேட்டுத்தானே அத்தனை பெண்கள் பணம் கொடுத்தார்கள்? அவர்களுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது?

நியாயமான கேள்விதான். ஆனா தரம் உயராவிட்டால் பெண்களுக்கும் கல்லூரி இருக்காது. நீண்டநாள் தோழியின் ஆதரவை இழந்தாலும் பரவாயில்லை என்று ஐடா ஆண்களைச் சேர்க்கச் சம்மதித்தார். 1947-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பில் ஆண்களும் சேர்ந்தார்கள்.

1960-ல், 89 வயதில், கொடைக்கானலில் ஐடா காலமானார். உருக்கமான ஒரு கதையைச் சொல்லி ஆன்லைனில் நிதி திரட்டும் இன்றைய அமைப்புகளுக்கும் இதே கேள்வி வரும்: தேவை மாறும்போது, பழைய கதையை நம்பிக் கொடுத்தவர்களுக்கு என்ன பதில்? தன் முடிவால் வந்த எதிர்ப்பை ஐடா ஏற்றுக்கொண்டார்.