மேரி கிளப்வாலா ஜாதவ்: சட்டம் வருவதற்கு முன்பே தொடங்கிய வேலை

லண்டனிலிருந்து வைட்ஃபீல்டுக்கு வேலை மாறி வருகிறீர்கள் என்று வையுங்கள். குழந்தையின் அறிக்கையில் 'லேர்னிங் டிஸெபிலிட்டி' என்றிருக்கிறது. பிரிட்டனில் அது அறிவுசார் குறைபாடு. நம்மூரில் அதே சொல்லை டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புச் சிக்கலுக்குத்தான் சொல்றோம். 'நிராமயா' காப்பீடு முதலாவதுக்கு உண்டு, இரண்டாவதுக்குக் கிடையாது. எனவே சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

சட்டமும் சான்றிதழும் இல்லாத காலத்திலேயே இப்படிப் பிரித்துப் பார்த்தவர் மேரி கிளப்வாலா ஜாதவ். 1909இல் ஊட்டியில் பார்சி குடும்பத்தில் பிறந்தார். 1935இல் கணவர் இறந்தபோது கையில் ஒரு சின்னப் பையன். அவர் முடங்கவில்லை, சென்னையில் கில்ட் ஆஃப் சர்வீஸ் வேலையில் இறங்கினார். உலகப் போர் வந்ததும் படைவீரர்களை உபசரிக்க ஒரு குழுவையே திரட்டினார்.

பிறகுதான் முக்கியமான கட்டம். ஆதரவற்ற பிள்ளைக்கு வேண்டியது வீடு. அன்று 'மந்தபுத்தி'ன்னு ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு வேண்டியதோ பயிற்சி. கில்ட் இரண்டையும் ஒரே கூரைக்குள் அடைக்கவில்லை: முதலாமவர்களுக்கு சேவா சமாஜம் இல்லங்கள், அடுத்தவர்களுக்குக் கீழ்ப்பாக்கத்தில் பால விஹார். நல்ல மனசு மட்டும் போதாது, படிச்ச ஊழியர் வேணும் என்று 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் தொடங்கக் காரணமாக இருந்தார். என் பார்வையில் அவருடைய பெரிய சாதனை இதுதான். 1956இல் கிடைத்த ஷெரீஃப் பதவிகூட அடுத்தபடிதான்.

1975இல் பத்ம விபூஷண் பெற்றார். அதே ஆண்டில் காலமானார். மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 1995இல்தான் வந்தது. அதில் டிஸ்லெக்சியா இல்லை. 2016 சட்டத்தில்தான் சேர்ந்தது.